ப்ரோதான் என்கிற பெயரின் தோற்றம், பொருள், செல்வாக்கு

எங்கள் ஸுவோகிராத்தில் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். இருபத்தோரு வருஷமாக அரசாங்கம் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் மூன்று பிரதிக்காக என் கடைக்குத்தான் வருகிறது. ஆகவே அரசாங்கத்தின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு தலைநகரில் பெயர் மாண்புப் பேரவை என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதுவரை இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பெயரை வைத்து, கூப்பிட்டு, அவர்களும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரவை வந்ததும் அந்த அநியாயம் முடிவுக்கு வந்தது. ஏழு உறுப்பினர்கள், ஏழு கார்கள், மூன்று பிரிவுகள். பெயர் எங்கிருந்து வந்தது என்று தோற்றப் பிரிவு கேட்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று பொருள் பிரிவு கேட்கும். எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று செல்வாக்குப் பிரிவு எண்ணும். அனுமதித்த பெயர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அதற்கு வெளியே ஒரு பெயர் வேண்டுமென்றால் ஒன்பதாம் எண் படிவம், ஐந்து பிரதி. ஐந்து என்று முடிவு செய்தவர் நீடூழி வாழ வேண்டும்.

ஜூன் மாதக் கடைசியில் ரதிஸாவ் கடைக்கு வந்தான். டிராக்டர் மெக்கானிக். எஞ்சின் எப்படிக் கத்தினாலும் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான், ஒரு காகிதத்தைக் காட்டினால் மட்டும் மிரண்டுபோவான்.

"அண்ணே, ஒரு பேரப் பதியணும். ஒன்பதாம் நம்பர் படிவமாம். எந்தப் பக்கம் மேலேன்னே தெரியல."

"என்ன பேருடா?"

"ப்ரோதான்."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். எங்கள் பக்கத்தில் ப்ரோதான் என்றால் விற்கப்பட்டவன் என்று அர்த்தம். மலைமேல் ஆடு மேய்க்கும் கிழவர்கள் இரண்டு பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஏன் அந்தப் பெயர் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை. ரதிஸாவுக்கும் அவன் மனைவி தேசாங்காவுக்கும் முதல் பிள்ளை ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவது ஆறு வாரம். மூன்றாவது பிறந்த மூன்றாம் நாள், இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று தலைநகர் டாக்டர் சொன்னார். "பயப்படாதீங்க, அக்டோபர்ல தச்சிடலாம். நாலு மாசம் பிள்ளையைப் பத்திரமா வச்சிருந்து மருத்துவப் புத்தகத்தோட கூட்டிட்டு வாங்க" என்றார். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னது சரி, எப்படி என்று அவர் சொல்லவில்லை.

அதைச் சொன்னவன் வுகாஷின். கறிக்கடைக்காரன், அந்தக் குடும்பத்தின் கூம். பிள்ளைக்கு ஞானஸ்நானத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எங்கள் ஊரில் கூம் அதற்கும் மேலே. பிள்ளைக்குப் பெயர் வைப்பது அவன் உரிமை. அவன் வைத்த பெயரைப் பெற்றவன் மாற்ற முடியாது, பிரதமர் மாற்ற முடியாது.

"இதோ பாரு ரதிஸாவ்" என்றான் வுகாஷின், மேஜையில் பிளம் சாராயக் குப்பியை வைத்துவிட்டு. "சாவும் ஒரு ஆபீஸ்தான். லிஸ்ட் வச்சிருக்கு, அட்ரஸ் வச்சிருக்கு. உன் வீட்டுக்கு ரெண்டு தடவ வந்திருக்கு, வழி நல்லாத் தெரியும். இப்ப பிள்ளைய வித்துடுவோம். வந்து கேட்டா, இங்க பிள்ளையே இல்ல, வித்தாச்சுன்னு சொல்லிடலாம். அதுவும் பேரேட்டப் பாத்துட்டுப் போயிடும்."

அப்படியே செய்தார்கள். வாங்கியவள் பக்கத்து வீட்டுப் பெர்ஸிதா. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். ஐந்து பெற்று ஐந்தையும் தடித்தடியாக வளர்த்தவள், அதனால்தான் அவள். தேசாங்கா ஜன்னல் வழியாகப் பிள்ளையை வெளியே நீட்டினாள். பெர்ஸிதா ஒரு சல்லடை தவிடும் ஒரு தினாரும் கொடுத்து வாங்கிக்கொண்டாள். வீட்டைச் சுற்றி நடந்து, வாசல் வழியாக உள்ளே வந்து, "இது என் பிள்ளை. எனக்கு வேலை அதிகம். கொஞ்ச நாள் பால் குடுத்து வளத்துக் குடுங்க" என்று தேசாங்காவின் மடியிலேயே போட்டாள். வுகாஷின் ப்ரோதான் என்று பெயர் வைத்தான். எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை கண்டத்தைத் தாண்டும் வரை, அது தங்கள் பிள்ளை என்று பெற்றவர்கள் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் விற்பனை ரத்து, சாவு நேராக வந்துவிடும். அன்றிலிருந்து தேசாங்கா பெற்ற பிள்ளையை "பெர்ஸிதாக்கா பையன்" என்றுதான் சொன்னாள். தொட்டிலை ஆட்டும்போதும் அப்படித்தான்.

படிவத்தில் நாலாவது கட்டம், பெயரின் பொருள். நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"விலைமதிப்பில்லாதவன்னு எழுதட்டுமாடா? கேக்கவும் நல்லாருக்கும்."

"வேணாம்ணே. வித்ததுன்னு எழுத்துல இருக்கணுமாம். தேசாங்கா சொல்லிட்டா. எழுத்துல இல்லன்னா அது நம்பாதாம்."

எழுதினேன். பொருள்: விற்கப்பட்டவன். காரணம்: விற்றதால். இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பிய என் கைதான் பொறுப்பு என்று வுகாஷின் இன்றைக்கும் சொல்கிறான்.

நகராட்சியில் பதிவாளர் ருஷிட்ஸா படிவத்தை இரண்டு தரம் படித்தாள்.

"ஏய்யா, உனக்கு வேற வேலையில்லையா? பட்டியல்ல நானூத்திப் பன்னண்டு பேரு இருக்கு. முதல் பக்கத்துலயே ஒண்ணத் தொட்டுட்டுப் போ. சாயங்காலமே சான்றிதழ் தரேன்."

"கூம் வச்ச பேரு மேடம்."

ருஷிட்ஸா உடனே முத்திரையை எடுத்தாள். அவளுக்கும் கூம் இருக்கிறான்.

படிவம் தலைநகர் போனது. பெயர் பதிவாகாமல் மருத்துவப் புத்தகம் கிடைக்காது. புத்தகம் இல்லாமல் ஆஸ்பத்திரி அக்டோபர் பதினான்காம் தேதியை உறுதி செய்யாது. உயிருக்கு அவசரம் என்றால் புத்தகம் இல்லாமலே எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் ப்ரோதானுடைய கேஸ் அவசரம் இல்லை. தேதி தவறினால்தான் அவசரமாகும். அதுவரை புத்தகம் வேண்டும்.

ஜூலை முழுவதும் பதில் இல்லை. ஆகஸ்டில் தோற்றப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். இந்தப் பெயரை முதன்முதலில் வைத்துக்கொண்ட நபர் யார், அவர் எந்த ஆண்டில் யாரிடம் அனுமதி பெற்றார், அனுமதியின் நகலை இணைக்கவும். கூடவே, ஐந்தாவது பிரதி மங்கலாக இருக்கிறது என்று ஒரு குறிப்பு. முதல் விஷயத்துக்காக ரதிஸாவ் பேருந்து ஏறினான். இரண்டாவது விஷயத்துக்காக நானும் ஏறினேன். என் கடைக்கும் ஒரு மானம் இருக்கிறதல்லவா.

பேரவைக் கட்டடம் நன்றாக இருந்தது. முதலில் செல்வாக்குப் பிரிவு. மிலேவா என்று ஓர் அம்மாள், எதிரே கணினி.

"பதினோரு பேர் இருக்காங்க" என்றாள். "நாடு முழுக்க. சராசரி வயசு எம்பத்தி ரெண்டு."

"சந்தோஷம் மேடம்" என்றான் ரதிஸாவ்.

"என்னங்க சந்தோஷம்? குறைஞ்சது நூறு பேர் வேணும். நூறுக்குக் கீழே இருந்தா அது அபூர்வப் பேர்."

"அபூர்வப் பேரு வைக்கக் கூடாதுங்களா?"

"தாராளமா வைக்கலாம். விதி எழுபதே அதுக்குத்தான் இருக்கு. ஆனா நிறையப் பேர் வச்சிருக்கணும்."

ரதிஸாவ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"மேடம், எங்க ப்ரோதானைச் சேத்தா பன்னண்டாகும்ல?"

"பதிவாகாத பிள்ளைய எப்படிச் சேர்க்கறது? அதோட இதுல போக்குன்னு ஒண்ணு இருக்கு." திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கோடு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. "வருஷத்துக்கு ரெண்டு பேர் தவறிடறாங்க. அஞ்சு வருஷத்துல ஒண்ணு. ஆறாவது வருஷம் மைனஸ் ஒண்ணு. அப்ப உங்க பையன் பள்ளிக்கூடத்துல சேர்றப்ப மைனஸ்ல இருக்கற ஒரு பேரோட போய் நிப்பான். ஒரு தாயா யோசிச்சுப் பாருங்க."

ரதிஸாவ் ஒரு தாயாக யோசிக்க முயன்றான். முகம் கோணியது.

அடுத்தது பொருள் பிரிவு. அங்கே வெலிஸார் என்கிற அதிகாரி. நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார். அப்புறம் நாலாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"வித்தீங்களா?"

"வித்தோமுங்க."

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டுப் பெர்ஸிதாக்காவுக்கு."

"நிஜமாவே?"

"நிஜமாத்தாங்க."

வெலிஸார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எங்க பாட்டன் ஊர்லயும் இந்தப் பழக்கம் இருந்திருக்கு. இதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்தானே? அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லுங்க. சம்பிரதாயத்துக்காக வித்தோம், பிள்ளை எங்களுதுதான். ஓரத்துல எழுதி முத்திரை போட்டுடறேன். இன்னிக்கே முடிஞ்சிடும்."

அறையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ரதிஸாவ் அதைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மேஜைக்கு அடியில்கூட ஒரு தரம் குனிந்து பார்த்தான். வேர்த்து ஒழுகியது. நான் அவன் காலை மிதித்தேன். சொல்லித் தொலைடா, இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கே கத்த வேண்டும் போலிருந்தது.

"இல்லீங்க" என்றான் கடைசியில். "நிஜமாவே வித்துட்டோம். எங்களுக்குப் பிள்ளை கிடையாது."

"அப்ப நீங்க யாரு?"

"பக்கத்து வீடுங்க."

வெலிஸார் காபிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விஷயம் அவர் கையைத் தாண்டிவிட்டது. எங்களைப் பேரவைத் தலைவரிடம் அழைத்துப் போனார்கள்.

தலைவர் டாக்டர் எவ்கெனியே நின்றுகொண்டே பேசுகிறவர். கேட்க இரண்டு பேர்தான் இருந்தோம், ஆனாலும் அவர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசினார்.

"பேர் வைக்கறது பெத்தவங்க உரிமைன்னு ஒரு தப்பான எண்ணம் நாட்டுல பரவியிருக்கு. பேர் அரசாங்கத்துக்குச் சொந்தம். குடிமகன் அதை ஆயுசு முழுக்க இரவல் வாங்கி உபயோகிக்கிறான், அவ்வளவுதான். இந்தப் பேரவை வர்றதுக்கு முன்னால மக்கள் என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு நெனச்சாலே எனக்குப் பதறுது. சும்மா கூப்பிட்டிருக்காங்க! எந்த ஆய்வும் இல்லாம! ரெண்டு வருஷத்துல எங்ககிட்ட மூவாயிரத்துச் சொச்சம் விண்ணப்பம் வந்திருக்கு. எத்தனை அனுமதிச்சிருக்கோம் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ரெண்டு. அதுல ஒண்ணு என் பேத்தியோடது. அந்த ஒண்ணுக்கே பதினாலு மாசம் எடுத்துக்கிட்டோம்னா பாருங்க, எவ்வளவு பாரபட்சமில்லாம வேலை செய்யறோம்னு. இன்னொண்ணு பேரை மாத்திக்கக் கேட்ட பதினெட்டு வயசுப் பொண்ணு, முடிவு வர்றதுக்குள்ள கல்யாணமே ஆயிடுச்சு, ஆனா அவசரப்பட்டோமா? இல்லை. பேருங்கறது நிதானம்."

"ஐயா, பிள்ளைக்கு அக்டோபர்ல ஆபரேஷன்" என்றான் ரதிஸாவ்.

"அது சுகாதாரத் துறை. நாங்க பெயர்." கையை மேலே உயர்த்தினார். "ஆனா நாங்க கருணையில்லாதவங்க இல்ல. இப்ப புதுசா ஒரு விதி போட்டிருக்கோம். பிள்ளை பொறந்து நூத்தியிருபது நாளுக்குள்ள பேர் முடிவாகலன்னா, பேரவை தானே ஒரு பேரைக் குடுத்துடும். அதுக்குன்னு நாங்களே உக்காந்து தயாரிச்ச பேர்கள் இருக்கு. தோற்றம் பேரவை, பொருள் பேரவை. செல்வாக்கு இன்னும் பூஜ்யம்தான், ஆனா அதுக்கு விலக்கு குடுத்திருக்கோம், ஏன்னா குடுக்கறதும் நாங்கதான். அப்புறம், வித்த பிள்ளைக்கு நீங்க எப்படி விண்ணப்பம் போடலாம்? உரிமையாளரைக் கூட்டிட்டு வாங்க."

உரிமையாளர் செப்டம்பர் முதல் வாரம் வந்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு, சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, வழியெல்லாம் ரதிஸாவைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"ஐயா, பிள்ளை என்னுதுதான்" என்றாள் வெலிஸாரிடம். "காசு குடுத்து வாங்கினது. பேரு ப்ரோதான். எழுதிக்கிட்டு விடுங்க, எனக்கு மூணு மணி பஸ்."

"என்ன விலைக்கும்மா?"

"ஒரு தினாரு, ஒரு சல்லடை தவிடு."

"தவிடா?"

"கோதுமைத் தவிடு. சலிச்சது."

"ரசீது?"

"ஜன்னல்ல யாரய்யா ரசீது குடுப்பா?"

வெலிஸார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், பக்கத்து அறைக்குப் போனார், திரும்பி வந்தார். தினார் செலாவணி, அதில் சிக்கலில்லை. தவிடு கால்நடைத் தீவனம். தீவனம் கைமாறியிருந்தால் வேளாண் இலாகாவின் பரிசோதனை அறிக்கை வேண்டும். அது இல்லாமல் விலை செல்லாது. விலை செல்லாவிட்டால் விற்பனை செல்லாது. விற்பனை செல்லாவிட்டால் படிவத்தில் எழுதிய பொருள் பொய்.

"அதுக்கு ஒரு ஆள் வந்து பாப்பாரு. எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் வெலிஸார், கண்ணைப் பார்க்காமல்.

"தவிட்டைப் பாக்கவா?"

"தவிட்டைப் பாக்கத்தான்."

"அத அன்னிக்கே கோழிக்குப் போட்டாச்சே" என்று பெர்ஸிதா சொன்னது வராந்தாவரை கேட்டது. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி பேரவையிலிருந்து தடித்த உறை வந்தது. நூற்றியிருபது நாள் முடிந்துவிட்டது. உள்ளே புத்தம் புது மருத்துவப் புத்தகம், வழவழ அட்டை. பெயர்: ஒதொப்ரென். பொருள்: ஒப்புதல் பெற்றவன். பேரவையே உட்கார்ந்து தயாரித்தது. தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் சரியாக அச்சடித்திருந்தது. கீழே ஒரு வரி. இந்தக் குழந்தை எங்களுடையது, எவருக்கும் விற்கப்பட்டதல்ல என உறுதி கூறுகிறோம். அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு நகராட்சியில் ஒரு முத்திரை வாங்கிவிட்டால் போதும், பதினான்காம் தேதி ஆஸ்பத்திரி.

ரதிஸாவ் அதை வீட்டு மேஜையில் விரித்தான். நானும் வுகாஷினும் இருந்தோம். தேசாங்கா பேனாவைத் தொடவில்லை.

"போடுடி" என்றான் ரதிஸாவ். "ஒரு கோடு. கிறுக்கிட்டு விட்டுடு."

"மாட்டேன்."

"ஆபரேஷன் பண்ணலன்னா போயிடும்டி!"

"கையெழுத்துப் போட்டா போயிடும்." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு தடவ என் பிள்ளை, என் பிள்ளைன்னு ஊரு முழுக்கச் சொன்னேன். இந்தப் பெர்ஸிதாக்கா பையன் மட்டுந்தான் நாலு மாசம் இருந்திருக்கான். யாருக்காகவும் மாத்திச் சொல்ல மாட்டேன்."

ரதிஸாவ் எழுந்து சுவரில் ஓங்கிக் குத்தினான். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், சல்லடைத் தவிட்டில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்த நிமிஷம் தேசாங்கா மேல் எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளிடம் விளக்கம் சொல்ல எனக்கு எந்த வகுப்பிலும் கற்றுக்கொடுக்கவில்லை. வுகாஷின் தொண்டையைக் கனைத்தான். பேர் வைத்தவன் அவன்தானே. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

பதினொன்றாம் தேதி ஒரு சின்ன வண்டி தெருவில் வந்து நின்றது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் ஆள் இறங்கினார். பெயர் ஸ்வெதோஸார், கால்நடை இலாகா. பேரவை வேளாண் இலாகாவுக்கு எழுதி, வேளாண் இலாகா இவருக்கு அனுப்பியிருந்தது. பாவம், காலையிலிருந்து நாலு பன்றிப் பண்ணை பார்த்துவிட்டு வருகிறார்.

"தவிடு எங்கே?"

"கோழி தின்னுடுச்சுங்க" என்றான் ரதிஸாவ்.

"கோழி?"

"அதை நாங்க தின்னுட்டோம்."

"சரி. சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? அப்ப தவிடு நல்ல தவிடு" என்று எழுதிக்கொண்டார். அப்புறம் கண்ணாடியைப் போட்டு உத்தரவைப் படித்தார். "தீவனத்துக்கு மாற்றாகப் பெறப்பட்டது, ஆண், வயது நாலு மாதம். அது எங்கே? அதைப் பதிவேட்டுல ஏத்தணும். தீவனம் குடுத்து வாங்கின எதையும் ஏத்தாம விடக் கூடாதுன்னு விதி."

தேசாங்கா தொட்டிலைக் காட்டினாள். ஸ்வெதோஸார் எட்டிப் பார்த்தார். ப்ரோதானும் அவரைப் பார்த்தான். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது பிள்ளை" என்றார்.

"ஆமாங்க."

"விதியில அப்படி ஒரு விலக்கு இல்லையே" என்று முனகிக்கொண்டே பையைத் திறந்தார். பச்சை அட்டை போட்ட கால்நடை மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்தார். "உரிமையாளர்?"

"நான்தான்" என்றாள் பெர்ஸிதா வாசலிலிருந்து.

"பேரு?"

"ப்ரோதான்" என்றான் ரதிஸாவ் மெதுவாக.

எழுதிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. "ஏங்க, இந்தப் பேருக்கு அனுமதி, தோற்றம், பொருள், செல்வாக்கு ஒண்ணும் வேண்டாமா?"

"எதுக்கு?" என்றார். "மாட்டுக்கு என்ன பேரு வேணா வைக்கலாம். போன வாரம் ஒருத்தன் எருமைக்கு நிதியமைச்சர்னு வச்சிருந்தான், பதிஞ்சு குடுத்தேன். வீட்டுக்காரன் வச்சதுதான் பேரு. நாங்க ஏன் கேக்கப் போறோம்?"

இனம் என்கிற இடத்தில் உள்ளூர் என்று போட்டார். நிறம், இளஞ்சிவப்பு. பொதுவான உடல்நிலை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, தேசாங்காவைக் கேட்டார். இதயத்தில் ஓட்டை என்றாள். அவர் தொட்டில் பக்கம் குனிந்து, பையிலிருந்த குழாயைப் பிள்ளையின் மார்பில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இந்த நாலு மாதத்தில் அரசாங்கத்திலிருந்து வந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தவர் அவர் ஒருவர்தான். "தாமதம் கூடாது. உடனடியாக அறுவை சிகிச்சைக்கு அனுப்பப் பரிந்துரைக்கிறேன்" என்று எழுதினார். வட்ட முத்திரை, சதுர முத்திரை, ஏழு இலக்க எண். காதில் மாட்டுகிற மஞ்சள் வில்லையை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். "மாட்டறதும் மாட்டாததும் உரிமையாளர் இஷ்டம்" என்றார். வுகாஷின் வீட்டுச் சாராயம் கொடுத்தோம். வேலை நேரத்தில் குடிப்பதில்லை என்று சொல்லி, குப்பியோடு வாங்கிக்கொண்டு போனார்.

பதினான்காம் தேதி விடிய ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் எங்கள் முறை வந்தது. நாங்கள் என்றால் ரதிஸாவ், தேசாங்கா, பெர்ஸிதா, நான். வுகாஷின் கடையைப் பூட்டிவிட்டு வந்து வெளியே சிகரெட்டோடு நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பச்சைப் புத்தகத்தை வாங்கினாள். ரதிஸாவ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் ஏழு எண்களை அடித்தாள். கணினி யோசித்தது. ஒரு சின்ன மணி ஒலித்தது.

"எடுத்துக்கிச்சு" என்றாள். அப்புறம் முதல் பக்கத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "இனம்னு ஒண்ணு இருக்கே. இது புது மாதிரிப் புத்தகமா?"

"புதுசுங்க" என்றேன் நான். "பேரவை வந்தப்புறம் எல்லாம் மாறிடுச்சு."

"எங்களுக்கு யாரும் சொல்றதேயில்ல" என்று அலுத்துக்கொண்டு முத்திரை குத்தினாள்.

அறுவை செய்த டாக்டர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பிள்ளையைத்தான் பார்த்தார், தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாலரை மணி நேரம். தேசாங்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரதிஸாவ் வராந்தாவில் நடந்தான். பெர்ஸிதா எல்லோருக்கும் ரொட்டியும் வெள்ளரியும் கொண்டுவந்திருந்தாள், யாரும் தொடவில்லை, அவளே தின்றாள். எனக்குப் பேரவை மீது, ஆஸ்பத்திரி மீது, வுகாஷின் மீது, என் பேனா மீது என்று வரிசையாகக் கோபம் வந்து போனது. கடைசியில் பயம் மட்டும் மிஞ்சியது.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"ப்ரோதானோட அம்மா யாரு? நல்லாருக்கான். கண்ணு முழிச்சுக் கத்தறான். ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ரதிஸாவ் சுவரோடு சுவராக நின்றான். உள்ளே பிள்ளை அழுவது கேட்டது. தேசாங்காவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அம்மா யாருங்க? இல்லையா?" என்றாள் நர்ஸ் மறுபடியும்.

பெர்ஸிதா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான்தான்மா. காசு குடுத்து வாங்கினது, பேப்பர் இருக்கு."

"அப்ப வாங்க."

"எனக்கு முட்டி வலி. பால் குடுக்கறவ இவதான். இவளை அனுப்பறேன்." சொல்லிக்கொண்டே தேசாங்காவின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பி, முதுகில் கையை வைத்துக் கதவுக்குள்ளே தள்ளினாள். அப்புறம் வராந்தா நடுவில் வந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நாலு மாடிக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"ஏய் தேசாங்கா! அடுத்தவ பிள்ளைதானேன்னு அலட்சியமாத் தூக்காத! மெதுவா! என் பிள்ளைடி அவன், என் பிள்ளை!"

உள்ளேயிருந்து தேசாங்கா அழுதுகொண்டே பதில் சொன்னாள். "ஆமாக்கா, உன் பிள்ளைதான். உன் பிள்ளைதான்."